தாத்தாவோட தாத்தா எங்கே போனார்?

*ஒரு சாதாரண அசைன்மென்ட், 120 வருஷத்துக்கு முன்னாடி கப்பலேறிய ஒருத்தரைத் தேட வைத்த கதை!*

உங்க தாத்தா பேர் என்ன? டக்குனு சொல்லிடுவீங்க. தாத்தாவோட அப்பா பேர்? கொஞ்சம் தலையைச் சொறிஞ்சு, அம்மாவுக்கு ஒரு போன் அடிச்சாவது சொல்லிடுவீங்க. சரி... தாத்தாவோட தாத்தா பேர்?

என்ன பாஸ், சத்தத்தையே காணோம்? நானும் அப்படித்தான் முழிச்சேன்!

செமஸ்டர் நடுவுல, 'ஐந்து தலைமுறை குடும்ப மரம் வரைஞ்சு எடுத்துட்டு வாங்க'ன்னு சொல்லிட்டுப் போயிட்டார் புரொபசர். பெயர், ஊர், பிறந்த வருஷம், இறந்த வருஷம் எல்லாம் வேணுமாம். நான் படிக்கிறது கம்ப்யூட்டர் சயின்ஸ். 'இதெல்லாம் நமக்கு ஜுஜுபி மச்சி'ன்னு ஹாஸ்டல்ல பீலா விட்டுட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு பஸ் ஏறினேன்.

எங்க ஊர் குடியாத்தம் பக்கத்துல ஒரு கிராமம். தாத்தா 1938-ல் பிறந்தவர். கண் பார்வை மங்கிடுச்சு. ஞாபகம் மட்டும் அப்படியே இருக்கு. திண்ணையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, நான் நோட்டில் கட்டம் போட்டு எழுதிக்கிட்டே வந்தேன். நான், அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா... நாலு கட்டம் நிரம்பியாச்சு. ஐந்தாவது கட்டத்தில் பெயரை எழுதினேன்.

"எந்த வருஷம் செத்துப் போனாரு தாத்தா?"

தாத்தா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார்: "செத்தாரா இல்லையான்னே தெரியாதுடா."

மஞ்சள் கயிறு

"அவரு நேட்டாலுக்குக் கப்பல் ஏறிப் போயிட்டாரு. எங்க அப்பாவுக்கு அப்ப ஒரு வயசு. போனவரு போனவருதான். கடுதாசி இல்ல, காசு இல்ல, ஆளும் இல்ல. அங்க வேற ஒருத்திய வச்சுக் குடும்பம் பண்றாருன்னு ஊர்ல பேசுனாங்க. எங்க அப்பாவை 'ஓடிப்போனவன் மகன்'னுதான் கூப்பிடுவாங்க. எங்க ஆயா 1946-ல செத்துச்சு. எனக்கு எட்டு வயசு. அது கழுத்துல மஞ்சக் கயிறு இருந்தது நல்லா ஞாபகம் இருக்கு. புருசன் இருக்காரா இல்லையான்னு தெரியாம எப்படிக் கழட்டறது? சுமங்கலியாத்தான் தூக்கிட்டுப் போனாங்க. அதுக்கும் நாலு பேர் சிரிச்சாங்க."

செத்த திதி தெரியாதவங்களுக்கு மகாளய அமாவாசையில் தர்ப்பணம் கொடுக்கறது வழக்கம். எங்க வீட்டிலும் அப்படித்தான். "ஆனா உயிரோட இருக்கிற மனுசனுக்கு எள்ளும் தண்ணியும் விட்டுட்டோமோன்னு எங்க அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் ஒரு உறுத்தல்" என்றார் தாத்தா.

அசைன்மென்ட் அங்கேயே மறந்து போச்சு. இந்த மனுஷனைக் கண்டுபிடிச்சே ஆகணும்னு தோணுச்சு.

(ஒரு விஷயம்: பெயரை வெளியே போடக் கூடாதுன்னு வீட்டில் உத்தரவு. அதனால் அவர் பெயரை 'முனுசாமி'ன்னும், அவர் அப்பா பெயரை 'சின்னையன்'னும் வச்சுக்குவோம்.)

அது என்ன நேட்டால்?

இன்றைய தென்னாப்பிரிக்காவின் க்வாசுலு-நேட்டால் மாகாணம்தான் அந்த நேட்டால். அன்று அது ஒரு பிரிட்டிஷ் காலனி. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணும் என்று இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைத்தார்கள். முதல் கப்பல் 'ட்ரூரோ' கிளம்பியது நம்ம சென்னையிலிருந்துதான். 342 பேருடன் 1860 நவம்பர் 16-ல் டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரைக்கும் போனவர்கள் மொத்தம் 1,52,184 பேர். அதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். தமிழ், தெலுங்கு பேசுகிறவர்கள்தான் அதில் அதிகம்.

ஒப்பந்தம் 5 வருஷம். சம்பளம் முதல் வருஷம் மாசத்துக்கு 10 ஷில்லிங். அன்றைய மதிப்பில் ஏழரை ரூபாய். வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறும். கரும்புத் தோட்டம் மட்டுமில்லை. நிலக்கரிச் சுரங்கம், ரயில்வே, தேயிலைத் தோட்டம் என்று பல இடங்களுக்கும் பிரித்து அனுப்பினார்கள். அடி உதை சகஜம். 1894-ல், முன்பல் இரண்டு உடைந்து ரத்தம் வழிய காந்தியின் அலுவலகத்துக்கு வந்து நின்ற பாலசுந்தரம், இப்படிப் போன ஒரு தமிழ்த் தொழிலாளிதான்.

ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கினால், 1895-ல் போட்ட சட்டப்படி ஆளுக்கு வருஷம் 3 பவுண்டு வரி கட்டணும். அதாவது 45 ரூபாய்! 1913-ல் பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகு, 1914-ல்தான் அந்த வரி ஒழிந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த தில்லையாடி வள்ளியம்மை கதை எல்லாம் இதே போராட்டக் காலத்தில் நடந்ததுதான். பரீட்சைக்கு ரெண்டு மார்க்குக்காகப் படிச்ச பாடம், திடீர்னு நம்ம வீட்டுக் கதையா மாறினா எப்படி இருக்கும்? அப்படி இருந்தது எனக்கு.

டிரங்க் பெட்டியும் கூகுள் ஆண்டவரும்

முதலில் கூகுள் ஆண்டவரிடம் போனேன். 'முனுசாமி, நேட்டால்'னு தட்டினால் டாக்டர் முனுசாமி, வக்கீல் முனுசாமி, ரியல் எஸ்டேட் முனுசாமின்னு வரிசையா வர்றாங்க. ஒருத்தரும் நம்ம ஆள் இல்லை.

அப்போதான் எங்க காலேஜ் ஹிஸ்டரி டிபார்ட்மென்ட்ல எம்.ஏ. படிக்கிற அக்கா ஒருத்தர் சிக்கினாங்க. "கடைசி ஆள்கிட்ட இருந்து தேடாதே தம்பி. உன்கிட்ட இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு படியா பின்னாடி போ. முதல்ல வீட்டுப் பரணைப் பாரு" என்றார்.

பரண்மேல் ஒரு துருப்பிடிச்ச டிரங்க் பெட்டி. அதுக்குள்ளே கரையான் அரிச்சது போக மிச்சம் சில பத்திரங்கள். அதில் ரெண்டு தங்கம்! ஒன்று, 1901-ல் எழுதின அடமானப் பத்திரம். 'சின்னையன் குமாரர் முனுசாமி' ஐம்பது ரூபாய்க்கு நிலத்தை அடகு வைத்திருக்கிறார். இன்னொன்று, 1921-ல் எழுதின கிரயப் பத்திரம். அதில் 'முனுசாமி குமாரர்' என்று கொள்ளுத் தாத்தாவின் பெயரும், வயது 19 என்றும் இருந்தது.

கணக்குப் போடுங்க. 1921-ல் வயசு 19 என்றால் பிறந்தது 1902. மகனுக்கு ஒரு வயசாகும்போது அப்பா கப்பலேறினார் என்றால் அது 1903 வாக்கில். எதுக்குப் போனார்? ஐம்பது ரூபாய்க் கடனை அடைக்கத்தான் இருக்கணும். ஒன்றரை லட்சம் பேரில் ஒருத்தரைத் தேடுகிற வேலை, ரெண்டு மூணு வருஷக் கப்பல்களுக்குள் சுருங்கிப் போச்சு. அப்பா பெயரும் கையில் இருக்கு. தாலுகாவும் இருக்கு.

கப்பல் லிஸ்ட்

டர்பனில் இறங்கிய ஒவ்வொருத்தருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். குழந்தைக்குக்கூட உண்டு. நம்ம யுனிவர்சிட்டி ரெஜிஸ்டர் நம்பர் மாதிரி! பதிவேட்டில் அந்த எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்பதெல்லாம் இருக்கும். கடைசியில் குறிப்புக்கு ஒரு கட்டம். ஊர் திரும்பினாரா, இறந்தாரா என்பது சில பேருக்கு அதில் எழுதியிருக்கும். பல பேருக்கு வெறும் காலிக் கட்டம்தான்.

அங்கே உள்ள பேராசிரியர்கள் வருஷக்கணக்காக உழைத்து இந்தக் கப்பல் பட்டியல்களைக் கணினியில் ஏற்றினார்கள். க்வாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் அதைப் பொதுமக்கள் பார்வைக்குக் கொண்டு வந்தது. ஆஹா, இனி ஈஸின்னு நினைச்சேன். அங்கேதான் ஆரம்பிச்சது தலைவலி!

வெள்ளைக்கார கிளார்க் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் பெயர் எழுதியிருக்கும். முனுசாமி ஒரு இடத்தில் மூன்சாமி, இன்னொரு இடத்தில் முனிசாமி, வேறொரு இடத்தில் 'எம்'முக்குப் பிறகு டபுள் 'ஓ' போட்ட மூனூசாவ்மி! தென்னாப்பிரிக்காவில் கவுண்டர் 'கோவெண்டர்' ஆனதும், முதலியார் 'மூட்லி' ஆனதும் இப்படித்தான். சாதிக் கட்டத்தையும் அப்படியே நம்ப முடியாது. சொன்னது ஒன்று, எழுதினது ஒன்று. வேண்டுமென்றே மாற்றிச் சொன்னவர்களும் உண்டு.

ஜில்லா இன்னொரு குழப்பம். நம்ம பக்கம் முழுக்க அப்போ வட ஆற்காடு. 1911-ல் தனி ஜில்லா ஆகும் வரைக்கும் சித்தூரும் அதில்தான் இருந்தது. இன்றைய வேலூர், ராணிப்பேட்டையோடு, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் சில பகுதிகளும் அதற்குள் அடக்கம். எத்தனை முனுசாமி இருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க!

நான் செஞ்ச தப்பு

மூணு வாரம் ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து தேடினதில் ஒரு ஆள் மாட்டினார். பெயர் முனுசாமி. ஜில்லா வட ஆற்காடு. தாலுகா குடியாத்தம். 1904-ல் போய் இறங்கியிருக்கார். அப்பா பெயர் 'சின்ன'ன்னு ஆரம்பிக்குது. ரூம்ல துள்ளிக் குதிச்சேன். ராத்திரி பத்தரை மணிக்கே தாத்தாவுக்குப் போன் போட்டுட்டேன்.

"தாத்தா, கண்டுபிடிச்சுட்டேன்! 1909-ல இந்தியாவுக்கே திரும்பி வந்துட்டாரு!"

எதிர்முனையில் சத்தமே இல்லை. கடைசியாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மெட்ராஸ் வரைக்கும் வந்தவரு... ஊருக்கு வரலையா?"

போனை வச்சுட்டார். அடுத்த ரெண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடலைன்னு அம்மா சொன்னாங்க. எனக்குப் பெருமை எல்லாம் போய் வயித்தைக் கலக்க ஆரம்பிச்சது.

ஹிஸ்டரி அக்காகிட்ட ஓடினேன். அவங்க பட்டியலைப் பார்த்துட்டு, "அப்பா பேரை முழுசாப் படிச்சியா?" என்றார். படித்தேன். சின்னப்பன். நம்ம ஆள் சின்னையன். "வயசு?" 19 என்று இருந்தது. "1904-ல 19-ன்னா, 1901-ல 16. பதினாறு வயசுப் பையன் எப்படிடா அடமானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பான்?"

செருப்பால் அடிச்ச மாதிரி இருந்தது. யாரோ ஒரு முனுசாமியோட கதையை எங்க தாத்தா தலையில் கட்டியிருக்கேன்!

"பேர் பொருந்தினா அது ஆரம்பம்தான். குறைஞ்சது மூணு விஷயமாவது தனித்தனியாப் பொருந்தணும். அதுவரைக்கும் வீட்டில் வாயைத் திறக்காதே" என்றார் அக்கா. அந்த வாரமே ஊருக்குப் போய் தாத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லடா, தேடறதே பெருசு" என்றார். ஆனால் முகம் தெளியவில்லை.

புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு

மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன். இந்த முறை பெயரை விட்டுட்டு அப்பா பெயரைப் பிடிச்சுத் தேடினேன். சின்னையனை எத்தனை விதமாகத் தப்பாக எழுத முடியுமோ அத்தனையையும் பேப்பரில் எழுதி வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணாப் போனேன்.

1903-ல் வந்த ஒரு கப்பலில் இன்னொரு முனுசாமி இருந்தார். வயது 26. அப்பா சின்னையன். குடியாத்தம் 'கூடியாட்டம்' ஆகியிருந்தது. அதனால்தான் முதல் தடவை என் கண்ணில் படவே இல்லை. கிராமத்தின் பெயரில் பாதியைக் காணோம். மீதிப் பாதி எங்க ஊர்தான். உடல் அடையாளம் என்ற கட்டத்தில், வலது புருவத்துக்கு மேல் தழும்பு என்று இருந்தது.

இந்தத் தடவை போன் பண்ணலை. நேரில் போய், எதுவும் சொல்லாமல், பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "தாத்தா, அவருக்கு உடம்புல ஏதாச்சும் அடையாளம் இருந்துச்சுன்னு ஆயா சொல்லியிருக்கா?"

"அடையாளமா... ஆங், எருது விடற திருவிழாவுல மாடு முட்டிடுச்சாம். வலது புருவம் கிழிஞ்சு தொங்குச்சாம். கோவம் வந்தா அந்த வடு மட்டும் செவக்கும்னு ஆயா சொல்லிச் சிரிக்கும்."

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. 120 வருஷத்துக்கு முன்னாடி, யாரோ ஒரு கிளார்க் வரிசையில் நின்ற ஒருத்தரை ஏற இறங்கப் பார்த்து எழுதின ஒரு வரி. அதையே எங்க ஆயா தன் பேரன்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்காங்க.

பதிவேட்டின் கடைசிக் கட்டத்தை அப்புறம்தான் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். இறப்பு: 1907 மார்ச் முதல் வாரம். ஒரு கரும்புத் தோட்டம். ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் நாலாவது வருஷம்கூட முழுசா முடியவில்லை. எப்படி இறந்தார் என்று ஒரு வார்த்தை இல்லை.

ஓடிப் போகவில்லை. வேறு குடும்பம் நடத்தவும் இல்லை. அதற்கெல்லாம் அவருக்கு நேரமே கிடைக்கவில்லை. ஆயா அதற்குப் பிறகு 39 வருஷம் மஞ்சள் கயிறோடு காத்திருந்திருக்கிறார்.

தாத்தா ரொம்ப நேரம் தெருவையே பார்த்துக்கிட்டு இருந்தார். "எங்க அப்பனுக்கு இது தெரியாமப் போச்சே" என்றார். அவ்வளவுதான்.

நூற்றுக்கு நூறு அவர்தான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அப்பா பெயர், தாலுகா, பாதி கிராமம், வயசு, வருஷம், தழும்பு என்று ஆறு விஷயம் பொருந்துது. அக்காவும் தலையாட்டிட்டாங்க.

உங்க வீட்டு ஆளைத் தேடணுமா?

* பெரியவங்ககிட்ட முதலில் பேசுங்க. செல்போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. 'எந்த வருஷம்?'னு கேட்டா தெரியாதும்பாங்க. 'அப்போ யார் பிறந்திருந்தாங்க? வெள்ளம் வந்துச்சா, பஞ்சம் வந்துச்சா?'ன்னு கேளுங்க. வருஷம் தானா வரும்.

* பழைய பத்திரத்தைக் குப்பைன்னு தூக்கிப் போடாதீங்க. 'இன்னார் குமாரர் இன்னார்' என்ற ஒரு வரி உங்களை ஒரு தலைமுறை பின்னாடி கொண்டு போகும். வீட்டில் இல்லைன்னா சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்டுப் பார்க்கலாம்.

* மொரீஷியஸ் போனவங்களா? மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்றப் பதிவேடுகள் இருக்கு. 1860-களுக்குப் பிறகு போனவங்கன்னா போட்டோகூடக் கிடைக்க வாய்ப்பிருக்கு!

* ஃபிஜி என்றால், 1879-லிருந்து 1916 வரை சுமார் 60,000 பேர் போயிருக்காங்க. சென்னையிலிருந்து கப்பல் போக ஆரம்பிச்சது 1903-ல். ஆளுக்கு ஒரு எமிகிரேஷன் பாஸ் உண்டு.

* இலங்கை, பர்மா, மலேயா கொஞ்சம் கஷ்டம். கங்காணி மூலம் கூட்டமாப் போனவங்க அதிகம் என்பதால், நேட்டால் மாதிரி ஆளுக்கு ஒரு வரி கிடைப்பது அபூர்வம். தோட்டத்தின் பெயர் தெரிஞ்சா அதைப் பிடிச்சுப் போங்க.

* பெயரைச் சத்தமாச் சொல்லிப் பாருங்க. தமிழே தெரியாத ஒருத்தர் அதை எப்படி எழுதுவார்னு யோசிச்சு, அத்தனை விதத்திலும் தேடுங்க.

* மூணு விஷயம் பொருந்தும் வரை வீட்டில் மூச்சு விடாதீங்க. அனுபவஸ்தன் சொல்றேன்!

இன்னொரு விஷயம். தென்னாப்பிரிக்காவிலிருந்தும் மொரீஷியஸிலிருந்தும் எத்தனையோ பேர் இதே பதிவேட்டைக் கையில் வச்சுக்கிட்டு, 'கூடியாட்டம் எங்கே இருக்கு?'ன்னு தேடிக்கிட்டு இருக்காங்க. அவங்ககிட்ட நம்பர் இருக்கு, ஊர் தெரியலை. நமக்கு ஊர் தெரியும். அடுத்த என்.எஸ்.எஸ். கேம்ப்ல மரம் நடற நேரம் போக, அந்தக் கிராமத்துப் பெரியவங்ககிட்ட 'கப்பலேறிப் போனவங்க யாராச்சும் உண்டா?'ன்னு கேட்டு எழுதி வச்சாலே போதும். யாருக்கோ அது பெரிய பொக்கிஷம்.

அசைன்மென்ட் என்னாச்சுன்னு கேக்கறீங்களா? ரெண்டு மாசம் லேட்டாக் கொடுத்தேன். பத்துக்கு ஏழு மார்க். ஃபார்மட் சரியில்லையாம்!

ஊரில் ஜோசியர் ஒருத்தர் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டி அந்தத் தேதிக்குத் திதி கணிச்சுக் கொடுத்தார். மாசி மாதம், தேய்பிறை சஷ்டி. இந்த மாசியில் லீவு போட்டுட்டு நானும் ஊருக்குப் போறேன். முதல் தடவையா சரியான நாளில், பெயர் சொல்லி, தாத்தா தண்ணீர் விடப் போறார். சொம்பைப் பிடிச்சுக்கப் போறது நான்தான்.